நேற்று வென்ற விமானம் இன்று ஏன் மலையில் மோதியது?



சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, எங்கள் தெருவில் பதினோராம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு மடிக் கணிப்பொறி.

"சார், நான் பொய் சொல்லவில்லை சார். நேற்று ராத்திரி என் விமானம்தான் ஜெயித்தது. எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டுப் பத்திரமாகத் தரையிறங்கினேன். ஆனால் அந்தப் பதிவை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினால், என் விமானம் மலையில் போய் மோதுகிறது. எல்லோரும் என்னைப் புளுகன் என்கிறார்கள்."

அவன் குறிப்பிட்டது, போர் விமானம் ஓட்டுவதைக் கணிப்பொறித் திரையில் பாவனையாக நிகழ்த்தும் 'சிமுலேட்டர்' ஒன்றை. அதில், பறந்ததைப் பதிவு செய்து பின்னர் மீண்டும் காணும் வசதி உண்டு. அந்தப் பதிவைத்தான் அவன் எனக்குப் போட்டுக் காட்டினான்.

முதல் நான்கு நிமிடங்கள் யாவும் சரியாகவே நடந்தன. பிறகு எதிரி விமானம் சற்று முன்னதாகவே திரும்பிற்று. இவன் விமானமோ வெறும் ஆகாயத்தை நோக்கிக் குண்டு மழை பொழிந்தது. பின் கம்பீரமாக வளைந்து, நேராக ஒரு குன்றில் போய் மோதி வெடித்தது! விமானி அதே மாணவன்தான். அவன் செய்த கைவேலையும் அதேதான். ஆனால் நேற்று வெற்றி, இன்று விபத்து. எது உண்மை?

வேடிக்கையாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் உங்கள் பௌதிகப் பாடத்தின் பல பக்கங்கள் அடங்கியிருக்கின்றன. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

பதிவு எதற்கு?

"விளையாட்டைப் பதிவு செய்து என்ன ஆகப்போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். ஆகாயப் போரில் பதிவு என்பது பொழுதுபோக்காகத் தோன்றியதன்று. முதல் உலகப் போரின்போதே பிரிட்டனில் துப்பாக்கி வடிவக் காமிராக்கள் பயிற்சிக்கு வந்துவிட்டன. விசையை இழுத்தால் குண்டு பாயாது. அதற்குப் பதில் ஒரு புகைப்படம் பதிவாகும். குறி சரியாக இருந்ததா என்பதைப் பின்னர் படத்தைக் கழுவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாம் உலகப் போரில், விமானத் துப்பாக்கிகள் சுடும்போதெல்லாம் தாமே ஓடிப் படமெடுக்கும் 16 மில்லிமீட்டர் சினிமாக் காமிராக்கள் பல போர் விமானங்களில் பொருத்தப்பட்டிருந்தன.

சிமுலேட்டரிலும் பதிவு பழைய சங்கதியே. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929 ஆம் ஆண்டளவில் ஒரு பாவனை விமானத்தை உருவாக்கினார். அவருடைய தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். ஆர்கனில் பயன்படும் காற்றுத் துருத்திகளைக் கொண்டே தம் பாவனை விமானத்தை ஆட்டிவைத்தார் லிங்க். அதற்கென ஒரு பதிவுக் கருவியும் பின்னர் வந்தது. மூன்று சக்கரங்கள் கொண்ட அந்தச் சிறு வண்டி, ஆசிரியரின் மேசையில் விரித்த வரைபடத்தின் மீது ஊர்ந்து சென்று, மாணவ விமானி 'பறந்த' பாதையை மையினால் கோடு போட்டுக் காட்டும். அதற்கு 'நண்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதன் முக்கியத்துவம் வியட்நாம் போரின்போது நன்கு உணரப்பட்டது. ஆகாயச் சண்டைகளில் எதிர்பார்த்த வெற்றி கிட்டாததால், அமெரிக்கக் கடற்படை 1968 இல் கேப்டன் பிராங்க் ஆல்ட் தலைமையில் ஓர் ஆய்வு நடத்தியது. அதன் விளைவாக 1969 இல் மிராமர் என்னுமிடத்தில், பின்னாளில் 'டாப் கன்' என்று புகழ்பெற்ற பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பயிற்சிச் சண்டை முடிந்து தரையிறங்கியதும், யார் யாரை வீழ்த்தினார் என்று விமானிகள் விவாதிப்பார்கள். வேகமான சண்டையில் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் சுழன்றவர்களின் நினைவு எவ்வளவு நம்பத்தக்கது? முதலில் கரும்பலகைக்கு ஓடிச் சாக்கட்டியை எடுத்தவரே வென்றவர் என்ற கதைதான்!

இதற்கு மாற்றாக 1970களின் தொடக்கத்தில் அரிசோனாவில் யூமா என்ற ஊரை அடுத்த பயிற்சி வெளியில் ஒரு புதிய ஏற்பாடு அமைந்தது. ஏ.சி.எம்.ஐ. என்பது அதன் சுருக்கப் பெயர். ஒவ்வொரு விமானத்திலும் பொருத்தப்பட்ட ஒரு கருவி, அதன் நிலையையும் சாய்வையும் வேகத்தையும் பற்றிய செய்திகளைத் தரை நிலையங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சண்டை முடிந்தபின் அத்தனையையும் திரையில், எந்தக் கோணத்திலிருந்தும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். வாதத்துக்கு இடமில்லை. தவறு கண்ணெதிரே தெரிந்தது. தவறு தெரிந்தால்தானே திருத்த முடியும்?

பிற்காலத்தில் வீட்டுக் கணிப்பொறிகளுக்கான போர் விமான சிமுலேட்டர்கள் வந்தபோது அவையும் இந்த வசதியைச் சுவீகரித்துக்கொண்டன. 1998 இல் வெளிவந்த 'ஃபால்கன் 4.0' இல் பதிவுக் கருவிக்கு ஏ.சி.எம்.ஐ. என்ற அதே பெயரைச் சூட்டியிருந்தார்கள்.

பதிவு செய்ய மூன்று வழிகள்

ஒரு கச்சேரியைப் பாதுகாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் பாடுவதை அப்படியே ஒலிப்பதிவு செய்யலாம். அல்லது ஒவ்வொரு ஸ்வரத்தையும் தாளில் எழுதிக்கொள்ளலாம். அல்லது வீணை வாசிப்பவரின் விரல் எந்த மெட்டில் எப்போது அழுந்தியது என்பதை மட்டும் குறித்து வைத்து, பிறகு அதேபோல் வேறொரு வீணையை மீட்டலாம். பறத்தலைப் பதிவு செய்யவும் இவை போன்ற மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, திரையில் தெரியும் படத்தையே வீடியோவாக எடுத்துவிடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 3 பைட். ஆக ஒரு படத்துக்கு 62 லட்சம் பைட்டுக்கு மேல். வினாடிக்கு 60 படங்கள் என்றால் சுமார் 373 மெகாபைட். பத்து நிமிடச் சண்டைக்கு ஏறத்தாழ 2,24,000 மெகாபைட்! படத்தைச் சுருக்கும் முறைகளால் இதை நூறில் ஒரு பங்காகவும் அதற்குக் கீழும் குறைக்கலாம் என்பது உண்மையே. ஆனால் வேறொரு குறை தீராது. வீடியோ, காமிரா பார்த்த கோணத்தை மட்டுமே காட்டும். "எதிரி விமானத்திலிருந்து பார்த்தால் நான் எப்படித் தெரிந்தேன்?" என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது.

இரண்டாவது வழி, படத்தை விட்டுவிட்டு எண்களைப் பதிவு செய்வது. விமானம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தத் திசையில் என்ன வேகத்தில் செல்கிறது என்பவற்றை எழுத ஒரு விமானத்துக்கு 64 பைட் போதும் என்று கொள்வோம். வினாடிக்குப் பத்து முறை, பத்து விமானங்களுக்கு, பத்து நிமிடங்கள். பெருக்கினால் 3.84 மெகாபைட்தான் வருகிறது. திரும்பக் காட்டும்போது கணிப்பொறி அந்த எண்களைக் கொண்டு படத்தைப் புதிதாக வரைந்துகொள்ளும். எந்தக் கோணத்திலும் வரையலாம்.

மூன்றாவது வழி இன்னும் சிக்கனமானது. விமானியின் கை அசைவை மட்டும் பதிவு செய்வது. கட்டுப்பாட்டுத் தண்டின் முன்பின் அசைவு, பக்க அசைவு, சுக்கான் மிதி, எஞ்சின் விசை ஆகிய நான்கு எண்களுக்கு 8 பைட். வினாடிக்கு 60 முறை என்றாலும் பத்து நிமிடங்களுக்கு 0.288 மெகாபைட்தான். திரும்பக் காட்டும்போது சிமுலேட்டர் முதலிலிருந்து மீண்டும் 'பறக்கும்'. விமானியின் கைக்குப் பதில் பதிவான எண்கள் தண்டை ஆட்டும். எதிரி விமானங்களை எப்படியும் கணிப்பொறிதானே ஓட்டுகிறது, அதுவும் முன்போலவே ஓட்டிவிடும் என்பது நம்பிக்கை.

நம் மாணவனின் சிமுலேட்டர் கையாண்டது இந்த மூன்றாவது வழியைத்தான். அந்த நம்பிக்கைதான் பொய்த்துப் போயிற்று.

மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம்

பதிவு கெட்டுப்போயிருக்குமோ என்பது என் முதல் சந்தேகம். ஆய்வுக் கூடத்தில் ஓர் அளவீடு சந்தேகமாக இருந்தால் என்ன செய்வோம்? திரும்பவும் அளப்போம். ஆகவே அந்தப் பதிவை மூன்று முறை ஓட்டச் சொன்னேன். முதல் முறை குன்றின் உச்சியில் மோதியது. இரண்டாம் முறை அடிவாரத்தில் மோதியது. மூன்றாம் முறை குன்றைத் தாண்டிச் சென்று ஓர் ஏரியில் விழுந்தது!

இது நல்ல தடயம். பதிவு கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அல்லவா தவறு நேர வேண்டும்? ஒரே எண்கள் மூன்று விதமான முடிவுகளைத் தருகின்றன என்றால், குற்றம் பதிவில் இல்லை. பதிவை ஓட்டிக் காட்டும் முறையில் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள, சிமுலேட்டர் எப்படிப் 'பறக்கிறது' என்று பார்க்க வேண்டும். விமானத்தின் மீது எடை, தூக்கு விசை, எஞ்சினின் உந்து விசை, காற்றின் இழுவை ஆகியவை செயல்படுகின்றன. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். முடுக்கத்திலிருந்து திசைவேகமும், திசைவேகத்திலிருந்து இடமும் கிடைக்கும். காலத்தைச் சிறு சிறு படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிறது கணிப்பொறி.

படியின் அளவு மாறினால் என்ன ஆகும்? ஒரு கல்லைக் கீழே போடுங்கள். 1 வினாடியில் அது 4.9 மீட்டர் விழும் என்பது உங்களுக்குத் தெரியும். இதையே 10 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் முதலில் திசைவேகத்தைக் கூட்டி, அந்தத் திசைவேகத்தில் கல்லை நகர்த்திக் கணக்கிடுங்கள். விடை 5.39 மீட்டர். 20 படிகளாகப் பிரித்தால் 5.145 மீட்டர். அதே கல், அதே புவியீர்ப்பு, அதே ஒரு வினாடி. விடை மட்டும் வேறு! இதைவிட நுட்பமான கணக்கு முறைகள் பிழையைக் குறைக்குமே தவிர முற்றிலும் நீக்கிவிடா.

சிமுலேட்டரில், திரையில் படம் வரைவதற்கு ஆகும் நேரத்தையே படியளவாகக் கொண்டால் வந்தது வினை. மேகமும் புகையும் நிறைந்த காட்சியை வரையக் கணிப்பொறிக்கு அதிக நேரம் பிடிக்கும். வெறும் நீல வானத்தை நொடியில் வரைந்துவிடும். முதல் நாள் ஒரு வினாடியில் 58 படிகள் நடந்திருக்கலாம். மறுநாள் 61 நடக்கலாம். ஆகவே விமானம் ஒரு மயிரிழை விலகும்.

மயிரிழை மலையாகும் விந்தை

"மயிரிழைதானே!" என்று அலட்சியமாக இருக்க முடியாது. 1961 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்வர்டு லாரன்ஸ் என்ற வானிலை விஞ்ஞானி, வானிலை மாற்றங்களைக் கணிப்பொறியில் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பழைய கணக்கை நடுவிலிருந்து மீண்டும் ஓட்ட விரும்பி, அச்சிட்ட தாளிலிருந்த 0.506 என்ற எண்ணைக் கொடுத்தார். கணிப்பொறியின் உள்ளே இருந்த எண்ணோ 0.506127. ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லாத அந்த வித்தியாசம் வளர்ந்து வளர்ந்து, சிறிது காலத்திற்குள் இரண்டு வானிலைகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போய்விட்டன.

ஆகாயச் சண்டையும் அப்படித்தான். நீங்கள் ஓரடி விலகினால் எதிரி விமானம் ஒரு கணம் முன்னதாகத் திரும்பும். அது முன்னதாகத் திரும்பினால் உங்கள் குண்டு தவறும். குண்டு தவறினால் அது மேலும் பறக்கும். ஆனால் பதிவான உங்கள் கைகளுக்கு இது எதுவும் தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு, நேற்றைய வெற்றியின் அசைவுகளையே அவை ஒப்பித்துக்கொண்டிருக்கும். முடிவு, குன்றுதான்.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. எதிரி எப்போது எந்தப் பக்கம் திரும்புவது என்பதைச் சில வேளைகளில் தற்செயல் எண்களைக் கொண்டு கணிப்பொறி தீர்மானிக்கும். சோழி உருட்டுவது போலத்தான். மறுநாள் வேறு சோழி விழுந்தால் வேறு சண்டை நடக்கும். மற்றொன்று, கணிப்பொறியின் கூட்டலே வரிசையைப் பொறுத்து மாறக்கூடும் என்பது. நான்கு இலக்கங்கள் மட்டுமே எழுத முடிந்த ஒரு கணக்கப்பிள்ளையை எண்ணிக்கொள்ளுங்கள். 1000 உடன் 0.4 ஐக் கூட்டினால் 1000 என்றே எழுதுவார். மீண்டும் 0.4 ஐக் கூட்டினாலும் 1000 தான். ஆனால் 0.4 ஐயும் 0.4 ஐயும் முதலில் கூட்டி, வந்த 0.8 ஐ 1000 உடன் சேர்த்தால் 1001 என்று எழுதுவார்! கணிப்பொறி இதைவிட அதிக இலக்கங்களை வைத்துக்கொள்கிறது. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

மருந்து என்ன?

நோய் தெரிந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடும். முதல் மருந்து, காலப் படியை நிலையாக வைப்பது. திரை எத்தனை முறை வேண்டுமானாலும் வரையட்டும். பௌதிகக் கணக்கு மட்டும் ஒரே சீராக நடக்க வேண்டும். யாவரும் இலவசமாகப் பெற்று, உள்ளே எழுதியிருப்பதையும் படித்துப் பார்க்கக்கூடிய 'ஃபிளைட்கியர்' என்ற சிமுலேட்டரில் இந்தக் கணக்கு இயல்பாக வினாடிக்கு 120 முறை நடக்கிறது. இரண்டாவது மருந்து, தற்செயல் எண்கள் தொடங்கும் 'விதை எண்'ணையும் பதிவிலேயே எழுதி வைப்பது. விதை ஒன்றானால் விளைச்சலும் ஒன்றே. சோழிகள் அதே வரிசையில் விழும்.

மூன்றாவது மருந்து, வழிநெடுக மைல் கற்கள் நடுவது. கை அசைவுகளைப் பதிவு செய்துகொண்டே, இடையிடையே, சில வினாடிகளுக்கு ஒரு முறை எல்லா விமானங்களின் முழு நிலையையும் எழுதிக்கொள்ள வேண்டும். திரும்ப ஓட்டும்போது, ஒவ்வொரு மைல் கல்லிலும் கணக்கிட்ட நிலையையும் எழுதிய நிலையையும் ஒப்பிட்டு, விலகல் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். இதனால் மற்றொரு லாபமும் உண்டு. ஐந்தாம் நிமிடத்தைக் காண முதலிலிருந்து ஓட்ட வேண்டியதில்லை. அருகிலுள்ள மைல் கல்லிலிருந்து தொடங்கினால் போதும். வீடியோவைச் சுருக்கும் முறைகளும் இதே தந்திரத்தைத்தான் கையாள்கின்றன. அவ்வப்போது ஒரு முழுப் படம், இடையில் மாற்றங்கள் மட்டும்.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே

நிலைகளைப் பதிவு செய்யும் இரண்டாவது வழியில் மலையில் மோதும் அபாயம் இல்லை. ஆனால் அதற்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. பதிவான இரு புள்ளிகளுக்கு இடையில் விமானம் எங்கே இருந்தது? இரண்டையும் நேர்க்கோட்டால் இணைப்பது எளிய இடைச்செருகல் முறை. அதில் எவ்வளவு பிழை வரும்?

இரு பதிவுகளுக்கு இடையே உள்ள காலம் T என்று கொள்வோம். முடுக்கம் a மாறாதிருந்தால், நேர்க்கோட்டிலிருந்து அதிகபட்ச விலகல் நடுவில் ஏற்படும். அதன் அளவு ½ × a × (T/2)², அதாவது aT²/8. போர் விமானம் ஒன்று வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் 6 g அளவு வளைகிறது. A சுமார் 60 மீட்டர்/வினாடி². வினாடிக்குப் பத்துப் பதிவுகள் என்றால் விலகல் 7.5 சென்டிமீட்டர். யாருக்கும் தெரியாது. அரை வினாடிக்கு ஒரு பதிவு என்றால் சுமார் 1.9 மீட்டர். ஐந்து வினாடிக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய 180 மீட்டர்! வளைவைச் சுற்றிச் செல்ல வேண்டிய விமானம் உள்ளே புகுந்து குறுக்கு வழியில் போவதுபோல் தெரியும்.

ஃபிளைட்கியரின் மறுகாட்சி ஏற்பாடு இந்த மூன்று நிலைகளையும் வயதுக்கேற்ப வைத்திருக்கிறது. அதன் இயல்பான அமைப்பில் கடைசி ஒரு நிமிடம் முழு நுட்பத்துடனும், கடைசிப் பத்து நிமிடங்கள் அரை வினாடிக்கு ஒன்றாகவும், கடைசி ஒரு மணி நேரம் ஐந்து வினாடிக்கு ஒன்றாகவும் நினைவில் இருக்கும். நம் நினைவும் இப்படித்தானே! சற்று முன் நடந்தது தெளிவாகவும், நெடுநாள் முன்பு நடந்தது கோடாகவும் இருக்கிறது. நேராகச் செல்லும் பயணி விமானத்துக்கு இது தாராளம். வளைந்து சுழலும் போர் விமானத்துக்கோ ஐந்து வினாடி என்பது ஒரு யுகம். இடத்துடன் திசைவேகத்தையும் பதிவு செய்து, நேர்க்கோட்டுக்குப் பதில் வளைகோட்டால் இணைத்தால் பிழை வெகுவாகக் குறையும்.

துப்பாக்கிக் குண்டுகளுக்கு இதுவும் போதாது. வினாடிக்கு 800 மீட்டர் செல்லும் குண்டு அரை வினாடியில் 400 மீட்டரைக் கடந்துவிடும். எனவே குண்டைத் தொடர்ந்து பதிவதில் பயனில்லை. எப்போது, எங்கிருந்து, எந்தத் திசையில் புறப்பட்டது என்பதையும், எதன்மீது எப்போது பட்டது என்பதையும் தனிச் சம்பவங்களாகக் குறித்துக்கொள்வதே முறை.

சாய்வுக் கோணங்களிலும் ஒரு பள்ளம் உண்டு. விமானத்தின் முகம் 359 டிகிரியிலிருந்து 1 டிகிரிக்குத் திரும்புகிறது. உண்மையில் திரும்பியது 2 டிகிரிதான். ஆனால் விவரமில்லாத கணிப்பொறி இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, நடுவில் விமானம் 180 டிகிரியை நோக்கியிருந்தது என்று சொல்லிவிடும்! மறுகாட்சியில் விமானம் திடீரெனப் பம்பரமாய்ச் சுழல்வதற்கு இது ஒரு காரணம். இதைத் தவிர்க்கச் சாய்வை மூன்று கோணங்களாக எழுதாமல், 'குவாட்டர்னியன்' எனப்படும் நான்கு எண்களின் தொகுதியாக எழுதுவார்கள். 1843 இல் டப்ளின் நகரில், மனைவியுடன் கால்வாய்க் கரையில் நடந்து செல்லும்போது ஹாமில்டன் என்ற கணித மேதைக்கு உதித்த யோசனை அது. அந்தப் பரவசத்தில் சூத்திரத்தை அங்கிருந்த பாலத்துக் கல்லிலேயே கீறி வைத்தாராம். விமானமே இல்லாத காலத்தில் பிறந்த கணிதம் இன்று விமானத்தைச் சாயவைக்கிறது!

இன்னொரு நுட்பம். சில சிமுலேட்டர்கள் இடத்தைப் பூமியின் மையத்திலிருந்து அளக்கின்றன. பூமியின் ஆரம் சுமார் 63,78,000 மீட்டர். இவ்வளவு பெரிய எண்ணை 4 பைட்டில் எழுதினால், அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையே அரை மீட்டர் இடைவெளி வந்துவிடும். விமானம் வழுக்கிச் செல்லாமல், அரை மீட்டர் அரை மீட்டராகத் தத்தித் தத்திச் செல்லும். 8 பைட்டில் எழுதினால் இந்தத் தொல்லை அகலும். சிக்கனம் எங்கே செய்வது, எங்கே செய்யக்கூடாது என்பதும் ஒரு விஞ்ஞானமே.

கடைசியில் வீடியோ

நண்பர்களுக்குக் காட்ட இறுதியில் வீடியோ படம்தானே வேண்டும்? பறக்கும்போதே அதை எடுத்தால், படமெடுக்கும் வேலை கணிப்பொறியின் சக்தியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். காட்சி திக்கித் திணறும். வெந்நீரின் வெப்பத்தை அளக்கப் போடும் வெப்பமானியே சிறிது வெப்பத்தை எடுத்துக்கொள்வதைப் போன்றதுதான் இதுவும்.

நல்ல வழி இது: பறக்கும்போது எண்களை மட்டும் பதிவு செய்யுங்கள். பிறகு ஓய்வாகப் படமெடுங்கள். அப்போது சிமுலேட்டரின் கடிகாரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு படத்தை வரைய இரண்டு வினாடி ஆனாலும் ஆகட்டும். வரைந்து முடித்ததும் கடிகாரத்தைச் சரியாக 1/30 வினாடி மட்டும் நகர்த்தி அடுத்த படத்தை வரைய வேண்டும். எல்லாவற்றையும் கோத்து வினாடிக்கு 30 வீதம் ஓட்டினால், மந்தமான கணிப்பொறியிலும் வழுவழுப்பான படம் கிடைக்கும். பொம்மைகளை ஒவ்வொரு படத்துக்கும் சற்றே நகர்த்தி எடுக்கும் பொம்மைப் படங்களின் ரகசியமும் இதுவே.

செய்து பாருங்கள்

கால்குலேட்டரில் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை x என்போம். 4 × x × (1 − x) என்பதைக் கணக்கிடுங்கள். வந்த விடையை மீண்டும் x ஆகக் கொண்டு இதையே தொடருங்கள். ஒரு முறை 0.3 இல் தொடங்குங்கள், மறுமுறை 0.3001 இல் தொடங்குங்கள். ஆறாவது விடைகள் 0.321, 0.314 என்று அருகருகே இருக்கும். பத்தாவது விடைகள் 0.043, 0.010. பன்னிரண்டாவதில் ஒன்று சுமார் 0.55, மற்றது சுமார் 0.15! நடுவில் இலக்கங்களை வெட்டாமல் போடுவது முக்கியம். வெட்டினால் லாரன்ஸ் கண்டதை நீங்களும் காண்பீர்கள்.

இந்தக் கணக்கைத்தான் அன்று மாலை அந்த மாணவனிடம் கொடுத்தேன். மறுநாள் அவன் தன் மூன்று நண்பர்களையும் அழைத்து வந்தான். நால்வரும் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஆளுக்கொரு கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் விடை வந்ததும் சிரிப்பு நின்றது. "அப்படியானால் இவன் ஜெயித்திருக்கலாம்" என்றான் ஒருவன்.

கவனித்தீர்களா? 'ஜெயித்தான்' என்று அவன் சொல்லவில்லை. 'ஜெயித்திருக்கலாம்' என்றான். அந்தப் பதிவைக் கொண்டு அதற்குமேல் சொல்ல முடியாது. நேற்றைய வெற்றி, எழுதப்படாத எண்களோடு போயேவிட்டது. நம் மாணவனுக்கு இதில் வருத்தம்தான். ஆனால் இப்போது அவன் நிலைகளையும் சேர்த்துப் பதிவு செய்யும் வசதியை முதலில் இயக்கிவிட்டுத்தான் பறக்கிறான்.

உங்கள் ஆய்வுக் கூடக் குறிப்பேட்டிலும் விடையை மட்டும் எழுதாமல், தொடக்க நிலை, கால இடைவெளி, கருவியின் நுட்பம் யாவற்றையும் எழுதுங்கள் என்று ஆசிரியர் ஏன் வற்புறுத்துகிறார் என்பது இப்போது புரிகிறதல்லவா? இன்னொருவர் நாளை திரும்பச் செய்து பார்த்தால் அதே விடை வர வேண்டும். வராவிட்டால், நீங்கள் கண்டது உண்மையாகவே இருந்தாலும், அதை மெய்ப்பிக்க உங்களிடம் எதுவும் இராது.